மாமியார் கிட்னி

என் வயிற்றில் வலது பக்கம், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், என் மாமியார் இருக்கிறார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன வருஷம் ஆவணியில் அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்து எனக்கு வைத்தார்கள். சிங்காநல்லூரில் எங்கள் தெருக்காரர்கள் இதைக் கேட்டு முதலில் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சண்டைக்கு நாங்கள் இருவரும் அவ்வளவு பேர் போனவர்கள்.

என் பெயர் மோகனப்பிரியா, மாமியார் பெயர் மயிலாத்தாள். பதினாறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். தேங்காய்ச் சட்னியில் பூண்டு போடுவதா வேண்டாமா என்பதில்கூட இன்னும் முடிவுக்கு வரவில்லை. எனக்கு முன்கோபம். அவருக்கு முன்னும் கோபம், பின்னும் கோபம். என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்று நான் அலைந்தபோது, கணவர் கிருபாசங்கருக்குச் சர்க்கரை, என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டினார்கள். கடைசியில் அத்தை தானாகப் போய் நின்றார், பொருந்திவிட்டது. ரத்த சொந்தம் இல்லை என்பதால் அனுமதிக் குழு முன்னால் போக வேண்டியிருந்தது. யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று அதிகாரி கேட்டார்.

"என்னெக் கட்டாயப்படுத்தற ஆளு இன்னும் பொறக்கலீங்க" என்றார் அத்தை. அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அதற்கு 'என்ற கிட்னி', அதாவது என்னுடைய கிட்னி, என்றுதான் பேச்சு. என்ற கிட்னிக்குத் தண்ணி ஊத்துனியா, என்ற கிட்னிக்கு உப்பு ஆகாதல்லொ, ஒம்பது மணி மாத்திரை போட்டியா என்று காலையில் தொடங்கினால் படுக்கும்வரை ஓயாது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், தன் கிட்னிக்கு எங்கே போனாலும் அனுசரித்துப் போகிற குணம் என்று பெருமை வேறு. கொடுத்தவர் சொல்கிறார், வாங்கினவள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போன மாதம் ரத்தப் பரிசோதனையில், கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏறுகிற கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்றிலிருந்து ஒன்று புள்ளி ஆறுக்கு ஏறியிருந்தது. டாக்டர் ஜாவித் என்னை உடனே வரச் சொல்லி, செவ்வாய்க்கிழமை ஊசியால் கிட்னியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார். உள்ளே எதிர்ப்பு செல்கள் கூட்டமாகக் கூடியிருக்கின்றன என்றார். வெளி ஆள் வந்துவிட்டான் என்று கிட்னியை அடிக்க வந்த கூட்டமாக இருக்கலாம். ஆனால் அதே சாதி செல்களில், அடிக்க வருபவற்றை அடக்கி உட்கார வைக்கிற ஒரு வகை உண்டாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும், அதற்கு வெள்ளிக்கிழமை ஆகும் என்றார். அடிக்க வந்த கூட்டம் என்றால் பெரிய மருந்துகள் கொடுக்க வேண்டும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிட்னி போய்விடும், மறுபடி டயாலிசிஸ்தான். இன்னொரு மாமியாருக்கு நான் எங்கே போவேன்?

புதன்கிழமை காலையில் அத்தை கட்டிலுக்கே காப்பி கொண்டுவந்தார். சர்க்கரை போதுங்களா அம்மணி என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியது, ஒரு வார்த்தை பேசாமல் துடைத்தார். மத்தியானம் எனக்கு முதலில் பரிமாறிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். டிவி ரிமோட்டை என் கையில் கொடுத்தார். அதை அவர் கையில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கம் மரியாதைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனைக்கூட 'ஏனுங்க, சித்த தள்ளி நில்லுங்க' என்றுதான் சொல்வோம். ஆனால் வீட்டுக்குள் மாமியார் மருமகளிடம் இத்தனை மரியாதை காட்டினால் விஷயம் வேறு. டாக்டர் என்னிடம் சொல்லாததை இவரிடம் சொல்லிவிட்டார், நான் போகப்போகிறேன், அதுதான் இந்த உபசாரம் என்று முடிவு செய்துகொண்டேன். மகள் ரித்திகா பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. கிருபாசங்கரைக் கூப்பிட்டு வாஷிங் மெஷின் போடக் கற்றுக்கொடுத்தேன். பட்டறையில் லேத்தை ஓட்டுகிற மனிதர், அதன் பொத்தான்களைப் பார்த்து மிரண்டு போனார். எதற்கு என்று கேட்டதற்கு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தாங்க முடியவில்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் உட்கார்ந்து, நான் எத்தனை நாளைக்கு இருப்பேன் என்று டாக்டர் சொன்னார் எனக் கேட்டேன். அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"அவரு ஒண்ணுஞ் சொல்லலெ கண்ணு. நீ உள்ளெ படுத்திருக்கறப்ப நர்சுப் புள்ளதான் சொல்லுச்சு, உடம்பு கிட்னியோட சண்டெக்கு நிக்கறாப்ல இருக்குதுன்னு. பதினாறு வருசமா நா பேசுன பேச்சுக்கு உன்ற உடம்பு சும்மா இருக்குமா? வெளியெ இருந்தவளெ ஒண்ணுஞ் செய்ய முடியலெ, இப்ப உள்ளெயே மாட்டிக்கிட்டேன். அதுதான் சித்த தணிஞ்சு போலாம்னு பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. பேசியது நீங்கள் மட்டுமா, நானும் சளைக்காமல் பேசியவள்தானே, உடம்புக்கு அதெல்லாம் தெரியாது அத்தை என்றேன். அவர் நம்பவில்லை. சாயங்காலமும் எனக்கு விசிறிவிட வந்தார், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஜாவித் எங்கள் மூவரையும் உட்கார வைத்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. அடிக்கிற செல்கள் கொஞ்சம்தான் இருந்தன, அடக்கி வைக்கிற செல்கள் அவர் எதிர்பார்த்ததைவிட நிறைய. கிரியாட்டினின் ஏறியதற்கு, எதிர்ப்பை அடக்க நான் போடுகிற மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிப்போனதே காரணமாகத் தெரிகிறது, குறைத்துக் கொடுத்து அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கிருபாசங்கர் அவசரப்பட்டார். கூடவே கூடாது, இது நல்ல அறிகுறி, அவ்வளவுதான் என்றார் டாக்டர். வெளிநாடுகளில் நோயாளியின் இந்த செல்களை எடுத்து, கிட்னி கொடுத்தவரின் செல்களோடு இரண்டு மூன்று வாரம் பழக்கி, மறுபடி உடம்பில் ஏற்றிப் பார்க்கிறார்கள், அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

அத்தை இதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க டாக்டர், சண்டெயெ அடக்கற அந்த செல்லு என்ற கிட்னியோட போனதுதானுங்களே?"

"இல்லீங்கம்மா. அது உங்க மருமகளோடது. அவங்க உடம்புதான் அனுப்பியிருக்குது, உங்க கிட்னிய யாரும் அடிச்சறக் கூடாதுன்னு."

அத்தை தலையை மட்டும் ஆட்டினார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கிருபாசங்கர் முன்னால் போக, நாங்கள் இருவரும் வராந்தாவில் பின்னால் நடந்தோம். பாதி தூரத்தில் அவர் நின்றுவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர். என் வயிற்றில் அந்த இடத்தில், புடவைக்கு மேலே, லேசாகக் கை வைத்தார்.

"ஒரு வார்த்தெ நீ சொல்லவே இல்லியே கண்ணு."

"எனக்கே தெரியாதுங்க அத்தை" என்றேன்.