இரண்டாம் ஆளின் கார்

1

இந்தக் கதை ஒரு வீடியோ கேமிலிருந்து வந்தது. தெருக்களில் கார் பந்தயம். தேனியில் வாங்கிய மலிவு சிடி. போலீஸ் ஜீப் தரைக்கு ஒரு சாண் மேலே மிதக்கும். சுவருக்குள் புகுந்த கார் வெளியே வராது. இருபது வருடம் கழித்து இணையத்தில் கிடைத்ததும், சிரிக்கச் சிரிக்க ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

("அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்" என்று தொடங்கி அடித்துவிட்டேன். அந்த வழியிலேயே போயிருந்தால் தப்பித்திருப்பேன்.)

2

நானும் ஜெபஷீலாவும் இரட்டையர். பிளஸ் டூ முடித்த வருடம் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தது. ஒருவர் அப்பாவின் மிளகாய் மண்டியைப் பார்க்க வேண்டும், ஒருவர் மதுரைக்குப் படிக்கப் போகலாம். ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடச் சொன்னார் அப்பா.*

ஜெபம் பண்ணினோம். சீட்டுக்குப் பதிலாகப் பந்தயம் ஓட்டினோம். நான் முதல் ஆள், அவள் இரண்டாம் ஆள். ஐந்துக்கு ஐந்தும் நானே ஜெயித்தேன்.

"கர்த்தர் சித்தம் தெரிஞ்சு போச்சுப்பா. ஸ்டீவன் போகட்டும்" என்றாள்.

படிப்பில் அவள் என்னைவிடக் கெட்டி. (இந்த வாக்கியத்தை மூன்று முறை நீக்கி, மூன்று முறை திரும்பச் சேர்த்தேன்.)

* பெயர் எழுதி மடித்த தாள். எங்கள் வீட்டில் கல்யாணம்கூட அப்படித்தான் முடிவாகும்.

3

நேற்றுக் காலை இரண்டு கார்களையும் நேர்ச்சாலையில் விட்டு, இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தேன். இரண்டாம் ஆளின் கார் பின்தங்கியது. காரை மாற்றிப் பார்த்தேன், அப்போதும் இரண்டாம் ஆளுடையதுதான் பின்தங்கியது. இருபது முறை. திரையில் இரண்டுக்கும் ஒரே வேகம்தான் காட்டுகிறது. கேமைச் செய்தவர்கள் எங்கோ கோட்டை விட்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆள் ஜெயிக்கவே முடியாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

4

சொல்லிவிடத்தான் போன் போட்டேன். அந்தப் பந்தயத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். மண்டியில் இருமிக்கொண்டே பேசினாள்.

"ஏலே, அந்தப் பந்தயத்தையா எழுதுற? எம் பேரை மாத்தாத. வருசா வருசம் சபையில அதத்தான சாட்சி சொல்றேன். பாஸ்டரு எழுதியே தரச் சொன்னாக. அனுப்பு, நாளைக்கு அங்கன நானே வாசிக்கிறேன்."

"ஷீலா..."

"என்னலே?"

"ஒன்னுமில்ல. அனுப்புறேன்."

5

முடிவு ஒன்று: மூன்றாம் பகுதியை எடுத்துவிட்டு அனுப்புவது. இருபது வருடம் மண்டியில் நின்றதற்கு அவளிடம் இருக்கும் ஒரே காரணம் அப்படியே இருக்கும்.

முடிவு இரண்டு: முழுதாக அனுப்புவது. சபை நடுவே சத்தமாக வாசித்துக்கொண்டே மூன்றாம் பகுதிக்கு வருவாள், அப்போது அவள்

(முடியவில்லை.)

நீங்கள் மூன்றாம் பகுதியை வாசித்துவிட்டீர்கள். அவள் இன்னும் வாசிக்கவில்லை. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அவளுக்குத் தெரியாமல்தான் முடிவாகப் போகிறது. முழுதாக அனுப்பவா, வெட்டி அனுப்பவா, நீங்களே சொல்லுங்கள்.