வலையிலிருந்து எடுத்த ஈயம்

பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்று சூரை மீன் அறுத்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும். பிஜித் தீவுகளில் இருக்கும் லெவுக்கா மீன் ஆலையில் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தக் காலோடுதான் சாயங்காலம் ரக்பி ஆடப் போவோம்.

என் வலது கால் சோம்பேறி. பந்தோடு ஓடுகையில் சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்ப வேண்டும். அந்தக் கால் புல்லை உரசிக்கொண்டு தாமதமாக வரும். அதற்குள் எவளாவது இடுப்பைப் பிடித்துச் சாய்த்துவிடுவாள். மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் ஏழு பேர் அணியில் எனக்கு இடமில்லை என்றாள் கேப்டன் வசிதி. தலைநகர் சுவாவில் நடந்த பயிற்சி முகாமில் கெண்டைக்காலில் எடை கட்டி ஓடப் பழக்கினார்களாம்.

எடைப்பட்டைக்கு எங்கே போவது? இரண்டு நாளில் தருவதாகச் சொல்லி, நாத்தனார் அகனிசியின் மீன்வலையிலிருந்து ஈயக்குண்டுகளைக் கழற்றினேன். கிழங்கு மூட்டை சுமந்து வளர்ந்தவள் நான். கூடக் கட்டினால் கூடப் பலன் என்று இருபத்திரண்டையும் காலுறையில் தைத்துக்கொண்டேன். ஒரு கிலோ.

"ஓடறியா, உரல்ல கவா வேர் இடிக்கிறியா?" என்றாள் வசிதி. உட்காரவைத்துப் பதினேழைப் பிய்த்தெடுத்தாள். "பாரம் தூக்கறதுக்கு இல்லடி இது. கால் எங்க போவுதுன்னு உனக்குத் தெரியறதுக்கு."

ஐந்து குண்டு போதுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் கால் பின்தங்கும்போதெல்லாம் ஈயம் ஆடிக் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது வாரம் அது ஆடுவதற்கு முன்பே கால் வந்து நின்றது. மூன்றாவது வாரம் காலுறையைக் கழற்றிவிட்டு ஓடினேன். கால் பறந்தது. நிறுத்தத் தெரியாமல் மைதானத்து ஓரக் கொடியில் காய்ந்த பாதிரியாரின் சட்டையோடு போய் விழுந்தேன்.

சனிக்கிழமை ஆட்டம், கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சமம். மலை மாதிரி ஒருத்தி எதிரே வந்தாள். வலப்பக்கம் போக்குக் காட்டி வலது காலை ஊன்றி இடப்பக்கம் வெட்டினேன். அவள் காற்றைக் கட்டிப்பிடித்தாள். நான் கம்பங்களுக்கு நடுவே போய்ப் பந்தைத் தரையில் வைத்தேன். ஜெயித்தோம்.

எல்லோரும் என்னைத் தூக்கினார்கள். அகனிசி மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஆட்டம் பிரமாதம் அண்ணி. மூணு வாரமா என் வலை பாவாடை மாதிரி மெதக்குது. மீனெல்லாம் அடியில பூந்து போவுது. வலை வச்சிருக்கிற வீட்ல டின் மீன் திங்கிறோம்."

பையின் அடியில் கிடந்த பதினேழையும் அங்கேயே எண்ணிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை அரையிறுதி; காலுறையை நான் பிரிக்கவில்லை.

அகனிசிக்கு இன்னும் ஐந்து ஈயக்குண்டு பாக்கி.