தூண்களுக்கு நடுவே

விமலகுமாரி அந்த வீட்டுக்கு முதல் தடவை போனது மாசி மாதத்தில். பூவாருக்குச் சற்று மேலே நெய்யாற்றின் கரையில் இருக்கும் பஞ்சாயத்தில் அவள் ஓவர்சியர். கரையோர வார்டுகளில் புது வீடு கட்டினால் தூண்களின் மேல்தான் கட்ட வேண்டும், தூண்களுக்கு நடுவே எதையும் அடைக்கக் கூடாது என்று விதி. பழைய வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றதோ அதற்கும் மேலே தரை இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் சதாசிவன் எல்லாவற்றையும் சரியாகவே செய்திருந்தார். அவள் டேப் பிடித்து அளந்து கையெழுத்துப் போட்டாள்.

சித்திரையில் பக்கத்து ஓடையைப் பார்க்கப் போனபோது வீட்டின் அடிப்பகுதி அடைபட்டிருந்தது. நான்கு பக்கமும் சிமெண்டுக் கட்டைகளை அடுக்கிக் கட்டிய சுவர், முன்னால் ஒரு பச்சைக் கதவு. உள்ளே கட்டிலில் சதாசிவனின் மனைவி சத்யபாமா படுத்திருந்தாள். பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. மேலே ஏறப் பதினான்கு படிகள். இரண்டு தடவை படியில் விழுந்திருக்கிறாள்.

"தண்ணிக்கு வழி விடணும்னு சட்டம் உண்டு மேடம்," என்றார் சதாசிவன். "இவ படி ஏற வழி உண்டா? நீங்களே சொல்லுங்க."

அவள் அலுவலகத்துக்குத் திரும்பினாள். பதினைந்து நாளில் இடிக்கச் சொல்லி நோட்டீஸ் எழுதினாள். எழுதியதை அனுப்பவில்லை. மழைக்கு முன்னால் இடித்துவிடுவதாகச் சதாசிவன் வாக்குக் கொடுத்திருந்தார். இடவப்பாதியில் தொடங்கும் தென்மேற்கு மழை அந்த வருடம் பலமில்லாமல் போனது. அதன்பிறகு அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆவணி கடைசியில் பொன்னையன் அலுவலகத்துக்கு வந்தார். சதாசிவன் வீட்டுக்கு நேர் பின்னால் அவருடைய வீடும் வாழைத்தோட்டமும். ஆறு வளையும் இடத்தில் கரை தாண்டுகிற தண்ணீர் அவர் தோட்டத்தில் இறங்கும். இரண்டு பக்கமும் மதில். சதாசிவனின் வீட்டடியைக் கடந்துதான் அது மறுபடி ஆற்றில் சேர வேண்டும்.

"சின்ன மழைதான் மக்கா," என்றார். "ரெண்டு நாளு முற்றத்துல தண்ணி கெடந்தது. முன்ன இப்படிக் கெடந்ததில்ல. அந்தச் சுவராக்கும் காரியம்."

அடுக்களைச் சுவரில் நத்தைகள் ஏறி நிற்பதையும், கிணற்றுத் தண்ணீர் கலங்கி மேலே வருவதையும் சொன்னார். சதாசிவனிடம் சண்டை போட அவருக்கு மனமில்லை. பாமா படுக்கையில் கிடக்கும்போது எப்படிச் சண்டை போடுவது என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லி விமலகுமாரி அவரை அனுப்பி வைத்தாள்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஆற்றின் மேல்பக்கம் கள்ளிக்காட்டில் அணையின் ஷட்டர்களை உயர்த்தப் போவதாகவும், கரையோரத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்றும் காலையிலேயே ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மதியம் பள்ளிக்கூடத்து முகாமில் பெயர் குறித்துக்கொண்டிருந்த விமலகுமாரி, சதாசிவனின் பெயர் இல்லாததைக் கண்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. குடையை விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

சந்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பச்சைக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். சதாசிவன் மனைவியின் தோளைத் தாங்கியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வர ஒத்துக்கொண்ட ஆட்டோக்காரன் பாலத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறான். தனியாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார், மூன்றாவது படியில் மூச்சு வாங்கித் திரும்பக் கொண்டுவந்து கிடத்திவிட்டார்.

அப்போதுதான் அவள் பின்சுவரைப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே, அவள் இடுப்புயரம் வரைக்கும் சுவர் கறுத்து ஈரமாக இருந்தது. கட்டைகளின் இணைப்பிலிருந்து தண்ணீர் நூல்போலப் பீறிட்டுத் தலையணையில் விழுந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

"காலத்தே விடிஞ்சது தொடங்கி சுவருக்குள்ள சத்தம் கேக்குது மக்கா," என்றாள் சத்யபாமா, குழறலாக. "இப்ப யாரோ இடிக்கியது போல உண்டு."

விமலகுமாரி காதைக் கொடுத்தாள். மழைக்கு நடுவே ஒரு அடி. இடைவெளி விட்டு இன்னொரு அடி. கம்பிப்பாரையின் சத்தம். தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பொறுக்க முடியாமல் பொன்னையன் சுவரை உடைக்கிறார். இவர்கள் முகாமுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்.

சதாசிவன் கத்தினார். அவளும் கத்தினாள். அடி நிற்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சத்யபாமாவை உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவந்து படியில் ஏறினார்கள். ஏழாவது படியில் இருக்கும்போது கீழே ஏதோ பெரிதாக முறிந்தது. வீடு முழுக்க அதிர்ந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் பச்சைக் கதவைப் பிய்த்துக்கொண்டு வந்தது, பின்னால் கட்டில், வாழை மரங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கையை விமலகுமாரி பார்த்தாள். ஒரு கணம்தான்.

"பொன்னையா," என்றார் சதாசிவன், மெதுவாக. நாற்காலியை விட முடியாமல் இருவரும் படியிலேயே நின்றார்கள்.

மறுநாள் காலை, ஆறு பூவாருக்குப் போகும் வழியில், கைதைத் தாழம்புதரில் பொன்னையனின் உடல் கிடைத்தது.

அலுவலகத்தில் நோட்டீஸ் என்றைக்கு அனுப்பினாய் என்று மேலதிகாரி கேட்டார். பழைய பதிவேட்டில் ஒரு எண் காலியாக இருப்பதையும், அதில் பழைய தேதி போட்டு எழுதிக்கொள்ளலாம் என்பதுபோல, அவர் சொன்னார். அனுப்பவில்லை என்றாள் விமலகுமாரி. அதையே எழுதியும் கொடுத்தாள். சதாசிவன் மிச்சமிருந்த மூன்று சுவரையும் தன் கையால் இடித்தார். அடக்கத்தன்று தேவாலயத்துக்கு வெளியே, ரோட்டின் மறுபக்கத்தில் நின்றார். உள்ளே வரவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது பொன்னையனின் மகள் மினி விமலகுமாரியின் பக்கத்தில் வந்தாள்.

"அப்பா ஒங்கள வந்து பாத்தாரா அக்கா?"

"வந்தாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கேன்னு சொன்னேன்."

மினி அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று விமலகுமாரிக்குத் தோன்றியது.

விசாரணை முடியும்வரை, அடிப்பகுதி அடைத்த வீடுகளைக் கணக்கெடுக்கும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள். அந்த ஒரு வார்டில் மட்டும் பதினொன்று. ஒன்றில் கோழிப்பண்ணை, ஒன்றில் பைக் ஒர்க்ஷாப். எல்லோரும் பொன்னையனுக்காக வருத்தப்பட்டார்கள். எல்லோரும் தங்கள் சுவர் வேறு மாதிரி என்றார்கள்.

கடைசி வீட்டின் அடியில் தையல் கூடம். நான்கு பெண்கள் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே கதவு, ஜன்னல் இல்லை. கடலில் மறுபடி காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருப்பதாகக் காலையில் செய்தி வந்திருந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீப்பின் மைக் தூரத்தில் கேட்கத் தொடங்கியது. கல்யாணத் துணி, இதை முடித்துவிட்டுப் போகிறோம் என்றாள் கூடத்தை நடத்துகிற வேதமணி.

மழைத்துளி வாசலில் விழுந்தது. விமலகுமாரி உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். நான்கு மெஷின்களும் நின்றன.

"எழும்புங்க," என்றாள். "நீங்க போன பொறவுதான் நான் போவேன்."

யாரும் அசையவில்லை. அவள் வாசலை விட்டு நகராமல் நின்றாள்.