தனுஷ்கோடியில் கூப்பிட்ட பேர்

ஒன்பதாம் நாள் முழுக்குப் போட்டுக் கரையேறும்போதே உமையாளுக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இன்னும் இரண்டே நாள். பதினோரு நாள் சேதுவில் சோடியாக முழுகினால் பிள்ளை தங்கும் என்று கமுதி ஜோசியர் சொல்லியிருந்தார். மிளகாய் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்ததும், ஐம்பத்தெட்டாம் வருசம் சித்திரையில், அவளும் மூக்கையாவும் தனுஷ்கோடிக்கு ரயிலேறினார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் இருவரும் தனியாக ஓர் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

கமுதி வீட்டு வழக்கத்தைச் சொன்னால் வயிற்றெரிச்சல்தான். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குச் சிக்கல் இல்லை. பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தாய்க்காரி வந்து நிற்பாள். உமையாளுக்கு ஏது பிள்ளை? அதனால் மூக்கையா கனைப்பார். சோறு வேண்டுமென்றாலும் கனைப்பு, துண்டு வேண்டுமென்றாலும் கனைப்பு. எந்தக் கனைப்புக்கு எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று கண்டுபிடிப்பதிலேயே அவள் பாதி வயசு போய்விட்டது. அந்த வீட்டில் மாட்டுக்குக்கூடப் பேர் உண்டு, அநியாயம்!

தனுஷ்கோடிக்கு வந்த முதல் நாள், வாயைப் பிளந்து கடலைப் பார்த்தபடி உமையாள் தண்ணீரோரமாக நடந்துகொண்டே போய்விட்டாள். பின்னாலிருந்து மூக்கையா கனைத்தார். அந்த இரைச்சலில் கனைப்பாவது ஒன்றாவது! நாலு தரம் கனைத்துத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் "உமையா!" என்று கத்தினார். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் மேலும் பத்தடி நடந்தாள். மறுபடி கத்தியபோதுதான் அது தன் பேர் என்று உறைத்தது. உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது.

ஒரு தரம் வாய் திறந்த மனுசனுக்கு அப்புறம் கூச்சம் விட்டுப்போயிற்று. "உமையா, அந்தக் கப்பலப் பாரு." "உமையா, மணல் சுடுதா?" அவர்களுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்த புஷ்பமேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். விரதக்காரர்களுக்கு மீன் குழம்பு ஊற்ற முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு ஒரே வருத்தம்.

"யக்கா, அண்ணன் கூப்புடுறது தலைமன்னாருக்கே கேக்கும் போல!"

பத்தாம் நாள் சாயங்காலம் உமையாள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு நாள் இங்கன இருந்துட்டுப் போவமா?"

"தம்பி ஒத்தையாக் கெடந்து அல்லாடுவான். அய்யாவும் தேடுவாரு. போவம் உமையா."

பேர் சொல்லித்தான் மறுத்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பதினோராம் நாள் கடைசி முழுக்கு. இருவர் துணியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். கண்ணை மூடி முழுகியவள் பிள்ளையைக் கேட்கவில்லை. 'ஊருக்குப் போனாலும் இவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும், சாமி' என்று வேண்டிக்கொண்டு எழுந்தாள். எழுந்த பிறகுதான் தான் செய்த காரியம் மண்டையில் ஏறியது. பதினாறு வருச ஏக்கத்தை விட்டுவிட்டு இதையா கேட்பாள் ஒருத்தி!

"நல்லா வேண்டிக்கிட்டியா உமையா?"

"ம்" என்றாள். மறுபடி முழுகலாம் என்று நினைத்தாள். ஆனால் கால் கரைப்பக்கம்தான் நடந்தது.

மறுநாள் ரயிலில் பாம்பன் பாலம் வந்தபோது, "உமையா, கீழ பாரு" என்றார். பரமக்குடியில் இறங்கி, "உமையா, பைய எடுத்துக்க" என்றார். கமுதி பஸ்ஸில் ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். மூக்கையா உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டுமென்று கனைத்தார்.

அதோடு ஆறு வருசம். பிள்ளையும் வரவில்லை. கேட்டால்தானே கொடுப்பதற்கு என்று அவள் தன்னையே திட்டிக்கொள்வாள். மிளகாய் காய்கிற களத்தில் தனியாக இருக்கும்போது கண்ணை மூடி அந்தப் பதினோரு நாளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். சில நாள் அந்தக் குரல் சரியாகக் கேட்கும். சில நாள் கேட்காது.

அறுபத்து நாலு மார்கழியில் பேய்மழையும் காற்றும் ஓய்ந்த பிறகு ஒருநாள், கடைத்தெருவுக்குப் போன மூக்கையா செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்துக்குள் ஓடி வந்தார். மாமனார், மாமியார், கொழுந்தன், ஓரகத்தி என எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"உமையா! உமையா!"

மாமியார் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

"தனுஷ்கோடிய கடல் கொண்டு போயிருச்சாம் உமையா. பேப்பர்ல போட்டிருக்கான். ஒரு வீடு மிச்சம் இல்லையாம். புஷ்பமேரி..." சின்னப்பிள்ளை போல அவர் உதடு கோணிற்று.

புஷ்பமேரியின் சிரிப்பு உமையாளின் கண்ணுக்குள் வந்து நின்றது. ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். அதே நேரத்தில் அந்தக் குரல் நெஞ்சில் இனித்ததும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கிப் போனாள். இந்த வரத்துக்கு இவ்வளவு பெரிய விலையா, சாமி?

"என்னங்க" என்று வாய்விட்டுச் சொல்லி, எல்லோரும் பார்க்க முற்றத்தில் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.