கூறைப்புடவையும் ஒரு முன்பல்லும்

என் மருமகள் கலைவாணி சிரிக்கும்போது இடக்கையால் வாயை மூடிக்கொள்வாள். மூன்று ஆண்டுகளாக இதை நான் உறவினர் அனைவரிடமும் பாராட்டிச் சொல்லி வந்தேன். "இந்தக் காலத்துல இப்படி ஓர் அடக்கமான பெண்ணை எங்க பாக்கறது?" என்று அவள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன். அப்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, அவளுடைய மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"பல்லு அத்தை. ராத்திரிலேர்ந்து தெறிக்குது."

தறியில் ஒரு கூறைப்புடவை இருந்தது. முந்தானை மட்டுமே மீதி. திங்கட்கிழமை மணப்பெண் வீட்டார் வருவதாக இருந்தது. திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் மகன் விக்னேஷ் பையைக் கீழே வைத்தான்.

"நான் லீவு சொல்லிட்றேன்மா. இன்னிக்கே கூட்டிக்கினு போறேன்."

"ஒரு கிராம்பை வெச்சா அடங்கும். திங்கக்கிழமை புடவை இறங்கட்டும், நானே அழைச்சுக்கிட்டுப் போறேன். சொன்ன நாளைத் தவறக்கூடாது" என்றேன்.

விக்னேஷ் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். என் வீட்டில் நான் சொன்ன பிறகு யாரும் வேறு சொல்வதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு மூன்று தலைமுறையாகக் கூறைப்புடவை நெய்யும் வீடு. என் மாமியார் வகுத்த விதி ஒன்று உண்டு. மணப்பெண் உடுத்தும் புடவை தறியை விட்டு இறங்கும்வரை அதன்மேல் கத்தரி படக்கூடாது. இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிஞ்சிய நுனியைப் பல்லால் கடித்துத்தான் எடுக்க வேண்டும். பட்டிழையாவது பரவாயில்லை, எளிதில் அறும். ஜரிகை அப்படியன்று, உள்ளே உலோகம் சுற்றியது. என் கணவர் கலியாணசுந்தரம் நெய்ய, கலைவாணி அவர் பக்கத்தில் அமர்ந்து கரை இழையைக் கோப்பாள். ஜரிகை முழுவதும் அவள் பக்கம்.

அந்த நான்கு நாளும் அவள் கஞ்சியை மட்டும் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஜரிகை நுனியைக் கடைவாய்க்குக் கொண்டுபோய் அவள் கடிப்பதைக் கண்டேன். கண்ணில் நீர் திரண்டு தாடையில் இறங்கியது. புடவைமேல் விழுந்துவிடாதபடி அவள் அதைத் தோளில் துடைத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் புடவை போயிற்று. பன்னிரண்டு மணிக்கு நாங்கள் பேருந்து நிலையத்தை ஒட்டிய பல் மருத்துவமனையில் இருந்தோம்.

மருத்துவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"டீச்சர்! என்னைத் தெரியலியா? கிரேஸ். மூணாம் கிளாஸ், ரெண்டாவது பெஞ்சு."

நான் முப்பத்தொரு ஆண்டு தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். திங்கட்கிழமைதோறும் இறைவணக்கம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நகத்தையும் பல்லையும் பார்ப்பேன். ஊத்தைப் பல்லோடு வந்தவரைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டுத்தான் பாடம் தொடங்குவேன்.

"எங்க டீச்சர் முன்னாடி 'ஈ'ன்னு காட்டணும்" என்று கிரேஸ் தம் உதவியாளரிடம் சொல்லிச் சிரித்தார். "அந்த பயத்துலதாம்பா நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். இவங்க வீட்டுல பல்லு கெட்டுப்போவுமா? வாம்மா, உக்காரு. வாயத் தொற."

கலைவாணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். விளக்கொளியில் அன்றுதான் நான் அவளுடைய பற்களை முழுமையாகப் பார்த்தேன். மேல் முன்பல் ஒன்று பாதி கறுத்திருந்தது. அதன் முனையில் ஒரு மூலை இல்லை. அடுத்த பல்லின் விளிம்பில், நூல் போகும் அளவுக்குச் சிறு பள்ளம். ஈறு சிவந்து தடித்திருந்தது.

"இந்தப் பள்ளத்த எங்க பாத்தாலும் சொல்லிடுவேன்" என்றார் கிரேஸ். "நூல் கடிக்கிறியா? டைலருங்களுக்கும் இதான் வரும். யாரு கடிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல டாக்டர். பழக்கம்."

"ராத்திரி பல்லு வெளக்குறதுண்டா?"

"இல்ல டாக்டர். தூக்கம் வந்துரும்."

இரண்டும் பொய். எனக்காகச் சொன்ன பொய். மணமாகி வந்த புதிதில் அவள் பல் துலக்கியோடு வந்து கொல்லைக் கதவுச் சாவியைக் கேட்டாள். எங்கள் குழாய் கொல்லையில் இருக்கிறது. இரவு எட்டரைக்குக் கதவைப் பூட்டுவது என் ஒழுங்கு. "பல்லைக் காலையில விளக்கினாப் போதும். பூட்டின கதவைத் திறக்க மாட்டேன்" என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

நான் இருந்த நாற்காலி வாயிலுக்கு அருகில் இருந்தது. எழுந்து, 'நான்தான் சொன்னேன்' என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். மாணவியின் முன்னால் அந்த இரண்டு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை.

படம் எடுத்துப் பார்த்தபோது முன்பல்லின் விரிசல் வேர்வரை ஓடியிருந்தது.

"எடுக்கத்தான் வேணும், டீச்சர்."

"நான்கு நாளுக்கு முன்னாடி வந்திருந்தா?"

"நாலு நாளா? வீக்கம் கொறைஞ்சிருக்கும், இந்த வலி இருந்திருக்காது. பல்லு நிக்கணும்னா, மூலை ஒடைஞ்ச அன்னிக்கே வந்திருக்கணும். எப்பம்மா ஒடைஞ்சுது?"

கலைவாணி விரலால் கணக்கிட்டாள். "கல்யாணம் ஆன ரெண்டாம் மாசம்."

அவள் எங்கள் தறியில் அமர்ந்த முதல் கூறைப்புடவை அது.

"பக்கத்துப் பல்லயாச்சும் காப்பாத்தலாம்" என்றார் கிரேஸ். "ஆனா ரெண்டு விஷயம். இனிமே ஒரு நூலக்கூட பல்லுல வெக்கக்கூடாது. ராத்திரி வெளக்காம படுக்கக்கூடாது. அடுத்த மாசம் செயற்கைப் பல்லு வெக்கும்போது பாப்பேன். இந்தப் பொண்ணு கேக்குதோ இல்லியோ, நீங்க இருக்கீங்க. எனக்குக் கவலையில்ல."

பேருந்தில் அவள் பஞ்சைக் கடித்தபடி சன்னல் பக்கம் அமர்ந்திருந்தாள். "ஒடைஞ்ச அன்னிக்கே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். அவள் கைப்பேசியில் எழுதிக் காட்டினாள்: 'ஆயா நாப்பது வருஷம் கடிச்சாங்க, ஒரு வார்த்த சொன்னதில்லன்னு நீங்க சொன்னீங்க அத்தை.'

சொன்னது உண்மைதான். ஆயா என்று அவள் எழுதியது என் மாமியாரை. ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு முன்பல் ஒன்றும் இல்லை. அவருக்குச் சோற்றைக் குழைத்துப் பிசைந்து வைத்தவள் நான். ஊர்ப்பிள்ளைகளின் பல்லை எண்ணிய எனக்கு, அந்தக் கிண்ணத்தைப் பத்து ஆண்டு கையில் ஏந்தியும் காரணம் தோன்றவில்லை.

அன்று மாலையே கொல்லைச் சாவியை அவள் அறை ஆணியில் மாட்டினேன். அது எளிதாக இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தரி எளிதாக இல்லை. நடுவில் வந்தவை சாதாரணப் புடவைகள். அவற்றுக்கு விதி இல்லை. ஆனால் மாசியில் அடுத்த கூறைப்புடவைக்கான பாவு நூல் வரவிருந்தது. அவளாகக் கத்தரியை எடுக்க மாட்டாள் என்பதை நான் அறிவேன். விதியைப் பிடித்து வைத்திருப்பவள்தான் விடவும் வேண்டும். ஒவ்வொரு காலையும் சொல்லிவிடலாம் என்று எழுவேன். ஒவ்வொரு காலையும் மாமியாரின் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போவேன்.

செயற்கைப் பல் பொருத்தும் நாளில் மீண்டும் போனோம். கிரேஸ் வேலையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், இன்னிக்கு என் முறை. நீங்க 'ஈ' காட்டுங்க."

"எனக்கு ஒன்றுமில்லை."

"எங்கிட்டயும் அதான் எல்லாப் பசங்களும் சொல்றாங்க. உக்காருங்க."

சாய்ந்த நாற்காலியில் கிடந்து வாயைத் திறந்தேன். கண்ணாடிக் கரண்டி ஒவ்வொரு பல்லாகத் தொட்டுச் சென்றது.

"இருபத்தெட்டும் முத்து!" என்றார் கிரேஸ். "எழுவது வயசுல இப்படியா? ஒரு தழும்பு இல்ல. இதுல பாரு கலைவாணி, அத்தையும் நெசவு வீடுதான். ஒரு கீறல் இருக்குதா பாரு."

கலைவாணி பார்க்கவில்லை. தன் கைப்பையின் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நான் எழுந்து அமர்ந்தேன்.

"தழும்பு இருக்காது, கிரேஸ். நான் ஒருநாளும் கடித்ததில்லை. பள்ளிக்கூடம் போய்விடுவேன். மாமியார் கடித்தார். பிறகு இவள் கடித்தாள். யார் கடிக்கச் சொன்னது என்று அன்று கேட்டாய். நான்தான் சொன்னேன். ராத்திரி துலக்கும் பழக்கம் இவளுக்கு இருந்தது. கதவைப் பூட்டியவளும் நான்தான். வீங்கின பிறகும் நான்கு நாள் தறியில் உட்கார வைத்தேன்."

வகுப்பில் பேசுவதுபோல் குரல் வந்தது. வேறு குரலில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உதவியாளர் தட்டைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

கிரேஸ் கையுறையைக் கழற்றினார்.

"குழாயடிக்கு அனுப்பலாமா டீச்சர், உங்கள?" என்றார் பிறகு. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அனுப்பலாம்" என்றேன்.

மாசி மூன்றாம் வாரம் கூறைப்புடவைக்குப் பாவு ஏற்றினோம். மாமியாரின் படத்தின் முன் கத்தரியை ஒருமுறை வைத்து எடுத்தேன். பருத்திக் கயிற்றில் கட்டி, தறியில் கலைவாணி அமரும் பக்கம் தொங்கவிட்டேன். என் கணவர் தறியில் நாடா ஓட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா தில்லை, கூறைப்புடவைமேல கத்திரி! எங்கம்மா எழுந்து வந்துரப்போறாங்க."

"வரட்டும். வந்தா அவங்க வாயையும் பாப்போம்."

"ஐயோ! செத்த பெறகும் ஈ காட்டணுமா?"

கலைவாணி சிரித்துவிட்டாள். குரலோடு வந்த சிரிப்பு. அந்த வீட்டில் நான் அதுவரை கேட்டிராதது. புதுப்பல் வரிசையில் அழகாகப் பொருந்தியிருக்கும். எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு தொடங்கும் முன்பே இடக்கை எழுந்து வாயை மூடிவிட்டது.

"கையை எடும்மா" என்றேன். "இப்பதான் நல்லா இருக்கே."

"எடுக்கணும்னுதான் நெனைக்கிறேன் அத்தை." கையின் பின்னாலிருந்தே பேசினாள். "அதுவா மேல வந்துருது."

அவள் கரைப்பக்கம் குனிந்தாள். ஜரிகை இழை ஒன்று அறுந்திருந்தது. முடிச்சுப் போட்டாள். நுனியை வாய்வரை கொண்டுபோனாள், நின்றாள், கயிற்றில் தொங்கிய கத்தரியைத் தேடி எடுத்தாள். நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவள் அந்த நுனியை வெட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.