ஏழாம் பக்கத்து எருமைக்கடா

கண்டாவளையில் ஐயாத்துரையைக் குத்திக் கொன்ற எருமைக்கடா, சிறுவர் படப்புத்தகம் ஒன்றின் ஏழாம் பக்கத்திலிருந்து இறங்கி வந்தது. 1962 மாசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. வயலில் அரிவி வெட்டிக்கொண்டிருந்த மனிதனின் வயிற்றில் புகுந்த கொம்பு முதுகால் வெளியே வந்தது. எங்கிருந்து வந்த கடா என்று ஒருவரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. அச்சடித்த முந்நூறு புத்தகங்களிலும் அன்று காலையிலிருந்து ஏழாம் பக்கத்தில் குளம் இருந்தது, தாமரை இருந்தது, கடாவைக் காணவில்லை.

புத்தகத்துக்குப் பாட்டு எழுதியவர் கதிர்காமநாதன் வாத்தியார், படம் கீறியவள் அவர் மனைவி விமலேஸ்வரி. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அதுவரை இந்த ஊர்ப் பிள்ளைகள் பார்த்த புத்தகங்களில் வெண்பனியும் அப்பிள் பழமும்தான். அவள் உடும்பைக் கீறினாள், கொக்கைக் கீறினாள், ஒரு மறுவும் இல்லாத கரிய தோலோடு கடாவைக் கீறினாள். அங்கேதான் பிழை விட்டாள். வன்னியில் மாடென்றால் தொடையில் சொந்தக்காரனின் குறி சுட்டிருக்க வேண்டும்; குறி இல்லாதது காட்டுமாடு, அதற்கு ஆரும் பொறுப்பில்லை. குசினிக்குப் பின்னால் ஒற்றைப் பசுவைக் கட்டி வளர்த்த வடமராட்சிக்காரிக்கு இது எப்படித் தெரியும்?

செத்தவனின் தமையன் கனகலிங்கம், இந்த மண்ணிலேயே பிறந்து மாடு வளர்த்தவர், எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு வந்தார். "பிள்ளை, நீ கையாலை கீறின படத்திலை உன்ரை குறியைச் சுடு. பிறகு அது உன்ரை சொல்லுக் கேக்கும்."

"ஏலாது அண்ணை. அப்பிடியொரு படம் இனி எனக்கு வராது."

"சுடுவம் விமலா," என்றார் வாத்தியார். அவள் படத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். படத்தின் மேல் ஆசை உண்மைதான். குறி சுட்டவள் ஐயாத்துரையின் சாவுக்கும் சொந்தக்காரி ஆகிவிடுவாள் என்ற பயம் அதைவிடப் பெரியது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

கடா சும்மா இருக்குமா? பரந்தன் சந்தியில் இரண்டு பேரின் தொடையெலும்பை முறித்தது, பதினொரு பசுக்களின் குடலை உருவியது. துவக்குக்காரர்கள் அதன் தோளில் சுட்டார்கள். அதே நேரம் முந்நூறு வீடுகளில் ஏழாம் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் மடியில் சூடாக இரத்தம் கொட்டியது. மல்லாவியில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் பேச்சே வரவில்லை. தாய்மார் வீடு வீடாகப் போய்த் துவக்குகளை வாங்கிப் பூட்டினார்கள். இருபத்து மூன்றாம் நாள், பள்ளிக்கூடம் போன வாத்தியாரைக் கடா சைக்கிளோடு தூக்கி எறிந்து, விழுந்த இடத்திலேயே நின்று மிதித்தது. முகம் இருக்கவில்லை. சட்டையில் தான் தைத்த பொத்தானை வைத்து அவள் அடையாளம் சொன்னாள்.

செத்தவீடு முடிந்த அன்றே, நொறுங்கிய சைக்கிளின் கம்பி ஒன்றைப் புருஷனின் முதலெழுத்தான 'க' என்று வளைத்து அடுப்பில் பழுக்கவைத்தாள். அலுமாரியைத் திறந்து படத்தின் தொடையில் அழுத்தினாள். தாள் எரியவில்லை, மயிர் பொசுங்கி மணத்தது. இரண்டு மைலுக்கு அப்பால் கடா கதறியதை ஊரே கேட்டது. பின்னேரம் அது தானாக வந்து அவள் படலை வாசலில் நின்றது, தொடையில் பச்சைப் புண்ணாய் 'க', கொம்பில் வாத்தியாரின் காய்ந்த இரத்தம்.

உலக்கையை எடுத்தாள். முகத்தில் அடித்தாள், முழங்காலில் அடித்தாள், உலக்கை முறியும்வரை அடித்தாள். கடா அசையவில்லை. கூடி நின்றவர்களும் அசையவில்லை. கனகலிங்கம் கத்தியை நீட்டினார். "இனி உன்ரை மாடு. வெட்டுறதெண்டாலும் நீதான்."

அவள் வாங்கவில்லை. பிள்ளைகளின் மடியில் ஒருமுறை இரத்தம் கொட்டியது போதாதா?

"உங்கட தம்பியைக் குத்தினதும் என்ரை மாடுதான் அண்ணை," என்றாள். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அது குடித்தது.

அடுத்த மாரிக் காலபோக விதைப்பில் முதலில் ஐயாத்துரையின் வயலையும், பிறகு தன் வயலையும் அந்தக் கடாவைக் கட்டியே அவள் உழுதாள்.