கடவுச்சொல்லை மாற்றிய வெள்ளிக்கிழமை

...கொடுக்க மாட்டேன், இன்றைக்கு அவளுக்குக் கொடுக்கவே மாட்டேன், காலையில் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே என் போன் தரும் இணையத்தின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், அவள் கனவில்கூட ஊகிக்க முடியாத சொல், என் அம்மாவின் பெயர். இணையம் தந்த கம்பெனி மூடிப்போய் மூன்று வாரம், புதியவர்கள் அடுத்த மாதம்தான் வருவார்களாம், அதுவரை இந்த நகராட்சி அலுவலகத்துக்கே என் போன்தான் கதி, ஆளுக்குப் பத்து நிமிடம். "மகாராணி, ஏழைக்குப் பத்து நிமிஷம் போடுங்க தாயே" என்று பக்கத்து மேசைக் கோஸ்தெல் கையேந்தினான், நானே போய் அவன் கணினியில் அடித்துக் கொடுத்தேன். அடுத்த அறையில் வேலை பார்க்கும் லுக்ரேத்சியா கேட்கட்டும், கெஞ்சட்டும். பதினொன்றுக்கு ஸ்பெயினில் அவள் மகள் அன்காவுக்கு ஆபரேஷன், உள்ளே கொண்டுபோகுமுன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமாம், இவளிடம் இருப்பதோ பட்டன் போன், ஆபீஸ் கணினியை விட்டால் வழியில்லை... எனக்கு வழி இருந்ததா? இரண்டு வருடம் முன்பு அம்மா ஆஸ்பத்திரியில் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரே ஒரு நாள் லீவை மாற்றிக்கொள் என்று இவளிடம் நின்றேன், "என் லீவு என் லீவுதாம்மா" என்றாள், நான் இங்கே முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது அம்மா போய்விட்டாள். கடவுளே, பழி வாங்குவது பாவம், தெரியும், ஆனால் இந்த நாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தது யார், நீதானே?

பத்தே முக்கால். தட்டோடு வருகிறாள், வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களுக்காகக் கோதுமையை வேகவைத்துச் சர்க்கரை தூவிக் கொண்டுவருவாள், மீதியை மாலையில் கோயிலுக்கு எடுத்துப் போவாள். "பழைய பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்குதே வெதூரியா, கொஞ்சம் பாரேன்." கடிகாரத்தைப் பார்க்கிறாள், பார்க்கட்டும், நான் பார்க்கவில்லையா அன்றைக்கு... தட்டிலிருந்து ஒரு கிண்ணம் கோதுமையை எடுத்து என் மேசையில் வைக்கிறாள், தட்டுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு நழுவி விழுகிறது, கோயிலில் பாதிரியார் வாசிப்பதற்கான இறந்தவர் பட்டியல், மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த பழைய தாள். அவளுடைய அப்பா, அம்மா, புருஷன், நான்காவதாகச் சவேத்தா. இந்த ஊரில் வேறு எந்தச் சவேத்தா?

"இது யாரு?"

"உங்கம்மாதான்." அவள் தரையைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா கோயில்ல பேர் கொடுக்கறேன். உங்கிட்டச் சொல்ல வாய் வரல."

இப்போதும் மாட்டேன் என்று சொல்லலாம், ஒரு சாவுக்கு ஒரு சீட்டு ஈடாகுமா, ஆகாது, ஆகவே ஆகாது... அங்கே ஒரு பெண் பச்சை அங்கியில் படுத்துக்கொண்டு திரையையே பார்த்திருப்பாள், அவள் எனக்கு என்ன செய்தாள்? பத்து ஐம்பத்திரண்டு. சீட்டை எடுத்து நான்காவது வரியின் அடியில் விரலை வைத்து, "புதுசு இதுதான், போ, சீக்கிரம்" என்றேன்.

அவள் ஓடினாள். சற்று நேரத்தில் "அன்கா, என் தங்கமே" என்ற குரல், அழுகை, யாருடையது என்று தெரியவில்லை. கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டேன், இனிப்பாகத்தான் இருந்தது, சீட்டு இன்னும் என் கையிலேயே இருந்தது... இரண்டு வருடமாக இவள்மேல் இருந்த கோபத்தைத்தான் நான் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மாவின் பெயரைக் கோயிலில் கொடுத்தேனா? கடைசியாக எப்போது கொடுத்தேன்...